துண்டா, கழுத்துத் துணியா? இமாபாரி டவல் மஃப்ளர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 · நகோயா_செந்தில்

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிற ஆள் நான். இன்றைக்கு ஒரு துண்டு விஷயமாக எழுத வேண்டியதாகிவிட்டது.

போன மாதம் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேருடன் இங்கே ஜப்பானில் ஷிமானாமி கைதோ என்ற பாதையில் சைக்கிள் ஓட்டினேன். ஓனோமிச்சியில் கிளம்பி, தீவு தீவாகப் பாலம் தாண்டி, டவல் நெய்யும் ஊரான இமாபாரியில் இறங்க வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது பின்கழுத்து தோசைக்கல் மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் ஒரு துண்டுக் கடை. கடைக்கார அம்மா என் கழுத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மாதிரிக்கு வைத்திருந்த ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் கழுத்தில் போட்டுவிட்டார். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. 3,300 யென்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "முகம் துடைக்கிற துண்டுக்கா மூவாயிரம் கொடுத்தீங்க?" என்றாள். துண்டு இல்லை, டவல் மஃப்ளர் என்றேன். "பேரை மாத்தினா துண்டு பட்டாயிடுமா?" என்றாள்.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். அகலம் 32 சென்டிமீட்டர், நீளம் 160. சமையலறைத் தராசில் 61 கிராம். கையில் கசக்கிப் பிடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி தெரிகிறது. ஒரு பக்கம் வெறும் மெல்லிய வலைத்துணி. மறுபக்கம் விரல் அகலத்துக்கு ஒரு கோடு பூ (நூல் வளையம்) எழும்பிய துணி, ஒரு கோடு வெறும் துணி என்று மாறி மாறி வருகிறது. அந்தப் பூவும் பொடிப்பொடியாக, தடவினால்தான் தெரிகிற அளவுக்கு.

என் சந்தேகம் இரண்டு. இந்த விலை நியாயமா? அப்புறம், மூன்றாவது துவைப்பிலேயே ஒரு வளையம் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெளியே வந்து தொங்குகிறது. இழுத்துவிடலாமா?

#2 · சும்மா_எட்டிப்பார்த்தவன்

இழுக்காதீர்கள். அது மட்டும் எனக்குத் தெரியும்.

விலையைப் பொறுத்தவரை உங்கள் மனைவி கட்சிதான் நான். சிவப்பு, நீலம், வெள்ளையில் ஒரு சின்னம் ஒட்டியிருக்குமே, அதற்கு இரண்டாயிரம். துணிக்கு ஆயிரம். நூறு யென் கடையில் கழுத்துத் துண்டு கிடைக்கிற நாட்டில் இருந்துகொண்டு இது தேவையா?

#3 · தறிச்சத்தம்

செந்தில் தம்பி, கரூர்ப் பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு ஓடும் தறிகளோடு 28 வருடம் இருந்தவன் நான். இப்போது ஓய்வு. உங்கள் வீட்டில் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். கனமான துண்டு நெய்வது பெரிய காரியமில்லை, மெல்லிசாக நெய்வதில்தான் தறிக்காரனுக்கு வேர்க்கும்.

சாதாரணத் துணிக்கு ஒரு பாவு (நீளவாட்டு நூல்), ஒரு ஊடை (குறுக்கு நூல்). தேங்காய்ப்பூத் துண்டுக்குப் பாவு இரண்டு. ஒன்று அடித்துணிக்கானது, விறைப்பாக இருக்கும். இன்னொன்று பூ எழுப்புவதற்கு, அதைத் தளர்த்தி விட்டிருப்போம். முதல் இரண்டு ஊடையைத் துணிவரை தள்ளாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவோம். மூன்றாவது ஓடியதும் மூன்றையும் சேர்த்து ஒரே அடி. அப்போது விறைப்பான பாவு அப்படியே நிற்கும், ஊடைகள் அதன்மேல் வழுக்கிப் போகும், தளர்ந்த பாவு மட்டும் மடங்கி வளையமாக எழும்பும். நீங்கள் தடவிப் பார்த்த பூ அதுதான்.

இப்போது நூலுக்கு வருவோம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் (நூல்கட்டு) எத்தனை நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். வழக்கமான டவலுக்கு 20-ம் நம்பர் நூல், அதில் ஒரு கிராம் எடுத்தால் சுமார் 34 மீட்டர் வரும். 60-ம் நம்பரில் அதே ஒரு கிராம் நூறு மீட்டரைத் தாண்டும். இமாபாரியில் மியாசாகி டவல் விற்கும் மஃப்ளர் ஒன்றின் பெயரிலேயே 70 என்று வரும். அது நூலின் நம்பர்தான். சட்டைத்துணிக்கு எடுக்கிற நூலை எடுத்துத் தேங்காய்ப்பூ நெய்கிறார்கள்!

அந்த நூல் தறியில் படுத்துகிற பாடு இருக்கிறதே. பாவு அறுந்தால் தறி நிற்கும். நிறுத்தி, முனை தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். நீண்ட இழைப் பஞ்சாக இருந்தால்தான் இந்த நம்பருக்கு நூற்கவே முடியும், அதன் விலை தனி. கஞ்சி கூடினால் நூல் முறுக்கிக்கொண்டு ஒடியும், குறைந்தால் பிசிறடித்துப் பக்கத்து நூலோடு ஒட்டும். எங்கள் பட்டறையில் ஒரு தடவை மெல்லிய நூலில் மாதிரி போட்டுப் பார்த்தோம். காலையில் ஏற்றிய தறியில் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு முழம்கூடத் தேறவில்லை. முதலாளி வந்து பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மறுநாள் பழைய நூல்தான்.

ஆக, பொருள் குறைவாக இருப்பதால் விலை குறைய வேண்டும் என்ற கணக்கு இதில் ஓடாது. தொங்கும் வளையத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதைப் படம் எடுத்துப் போடுங்கள். பூக்கோட்டில் வந்ததா, வெறும் துணிக்கோட்டில் வந்ததா என்பது முக்கியம்.

#4 · ஓசாகா_வாசுகி

தறிச்சத்தம் ஐயா, அருமை. ரெண்டு தடவை படித்தேன்.

நான் இசுமிசானோ பக்கம் இருக்கிறேன், கன்சாய் விமான நிலையத்துக்கு எதிர்க்கரை. இமாபாரி இமாபாரி என்று எல்லோரும் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூக்கு லேசாகச் சிவக்கும். ஜப்பானில் முதன்முதலில் டவல் நெய்தது இங்கேதான். 1887-ல் சாதோய் எஞ்சிரோ என்ற வெள்ளைத்துணி வியாபாரி, ஓசாகாவில் வெளிநாட்டுச் சரக்கு விற்பவர் காட்டிய டவலைப் பார்த்துவிட்டு, அதுபோல நெய்யும் முறையைக் கண்டுபிடித்தார். இமாபாரி தொடங்கியது 1894-ல். அங்கே ஏற்கெனவே பருத்தி ஃப்ளானல் நெய்துகொண்டிருந்தார்கள், அந்தத் தறிகளை மாற்றியமைத்து அபே ஹெய்சுகே என்பவர் ஆரம்பித்தார்.

செந்தில் உங்கள் மனைவியிடம் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். டவல் ஜப்பானுக்குள் இங்கிலாந்திலிருந்து முதலில் இறக்குமதியானது 1872 வாக்கில். அப்போது அதைக் கொண்டு யாரும் உடம்பு துடைக்கவில்லை. துடைப்பதற்கு அவர்களிடம் தெனுகுய் என்ற மெல்லிய துணி இருந்தது. புசுபுசுவென்றிருந்த இந்த வெளிநாட்டுத் துணியை என்ன செய்தார்கள் தெரியுமா? கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள். குளிருக்கு. டவல் இந்த நாட்டில் கழுத்துத் துணியாகத்தான் நுழைந்தது, துடைக்கிற வேலையெல்லாம் பிறகு வந்தது. நீங்கள் 3,300 யென் கொடுத்து அதைப் பழைய இடத்தில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

#5 · நகோயா_செந்தில்

வாசுகி அக்கா, இதை இன்றைக்கு ராத்திரியே வீட்டில் சொல்லப் போகிறேன். எடுபடுமா தெரியவில்லை.

ஐயா, பூக்கோட்டில்தான் வந்திருக்கிறது. காரணமும் தெரிந்துவிட்டது, என் முட்டாள்தனம். சைக்கிள் கையுறையோடு சேர்த்து மெஷினில் போட்டிருந்தேன். கையுறையில் இருக்கும் ஒட்டுப்பட்டை பிடித்து இழுத்திருக்கிறது.

#6 · சும்மா_எட்டிப்பார்த்தவன்

தறி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்னம் விஷயத்தை யாரும் தொடவில்லையே. அந்தச் சின்னத்தை வரைந்தவர் சாதோ காஷிவா, பெரிய விளம்பர வடிவமைப்பாளர். தறிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? துண்டு அதே துண்டு, மேலே ஒரு பட்டை.

#7 · ஓசாகா_வாசுகி

அந்தப் பட்டை வந்த கதை அவ்வளவு லேசானது இல்லை, சகோ.

இமாபாரியில் 1991-ல் சுமார் 50,000 டன் டவல் உற்பத்தியானது. அதன் பிறகு சீனா, வியட்நாம் டவல்கள் வந்து இறங்கின. 2009-ல் அது 10,000 டன்னுக்கும் கீழே. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. நடுவில் 2001-ல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போடுங்கள் என்று டவல் நெய்வோர் அரசிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த ஊர் நெய்ததில் பெரும்பகுதி அந்த ஊர்ப் பெயரில் விற்கவில்லை. ஐரோப்பிய ஃபேஷன் கம்பெனிப் பெயர் போட்ட கைக்குட்டை, பரிசுப் பெட்டி டவல் இப்படித்தான். வாங்குகிறவருக்கு இமாபாரி என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. இகேஉச்சி என்ற கம்பெனி கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 2002-ல் ஆலைக்கான மின்சாரத்தைக் காற்றாலையிலிருந்து எடுக்கத் தொடங்கியது, அதே வருடம் நியூயார்க்கில் வீட்டுத்துணிக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. மறு வருடமே, சரக்கில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்த மொத்த வியாபாரி திவாலானதில் இதுவும் நீதிமன்றப் படி ஏறியது. பிழைத்தது, தன் சொந்தப் பெயரில் விற்ற கொஞ்சம் சரக்கைப் பிடித்துக்கொண்டு.

2006-ல் ஊர் சேர்ந்து ஒரு திட்டம் போட்டது. சாதோ காஷிவாவைக் கூட்டி வந்தது அப்போதுதான். சிவப்பு சூரியன், நீலம் கடல், வெள்ளை மேகம். ஆனால் சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள முடியாது. துணியை ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டித் தண்ணீரில் போடுவார்கள். 5 நொடிக்குள் மூழ்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னம் இல்லை. சாயம் போகிறதா, பூ உதிர்கிறதா என்று வேறு சோதனைகளும் உண்டு. பட்டையில் ஒரு எண் அச்சடித்திருக்கும். எந்த ஆலையில் நெய்தது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

நான் எங்கள் பக்கத்துச் சென்ஷூ டவல் கட்சி, இருந்தும் இதைச் சொல்கிறேன்.

#8 · சும்மா_எட்டிப்பார்த்தவன்

மிதக்குமா மூழ்குமா என்று வீட்டிலேயே பார்க்கலாம் போலிருக்கிறதே. செந்தில், வெட்டுங்கள்.

#9 · நகோயா_செந்தில்

மஃப்ளரை வெட்டினால் என்னை வெட்டுவார்கள்.

#10 · பழைய_ஏடு

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி ஜப்பானுக்கு வந்த முதல் கதையில் இந்தியா வருகிறது. கி.பி. 799-ல் மிகாவா நாட்டுக் கரையில் (அந்நாளில் ஜப்பானின் மாநிலங்களை நாடு என்பார்கள்), இப்போதைய நகோயாவுக்குக் கிழக்கே, ஒரு சிறு படகு ஒதுங்கியது. அதில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன். பேசுவது யாருக்கும் புரியவில்லை. கையில் ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்று வைத்திருந்தான், பாட்டு சோகமாக இருந்தது என்றெல்லாம் அரசு வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த சீனர்கள் அவனைக் குன்லுன் ஆள், அதாவது தென்கிழக்கு ஆசியப் பக்கத்தவன் என்றார்கள். பிறகு மொழி பழகியதும் தான் தென்ஜிகு நாட்டவன் என்று அவனே சொன்னான். தென்ஜிகு என்றால் இந்தியா. அவன் உடைமைகளில் பருத்தி விதை இருந்தது. மறுவருடம் அந்த விதையைச் சில நாடுகளுக்கு அனுப்பி நடச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இயோ நாடும் ஒன்று. இயோ என்பது இன்றைய எஹிமே, அதாவது செந்தில் துண்டு வாங்கிய இமாபாரி இருக்கும் மாநிலம்.

அந்தப் பயிர் நிலைக்கவில்லை. பருத்தி அங்கே வேரூன்ற இன்னும் எழுநூறு வருடத்துக்குமேல் ஆனது. ஆனால் மிகாவாப் பக்கம் நிஷியோ ஊரில் அந்த இளைஞனுக்கு இன்றைக்கும் கோயில் இருக்கிறது. நகோயாவிலிருந்து ரயிலில் போய் வந்துவிடலாம்.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கம். டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தில் டச்சுக் கப்பல்களில் வந்த கோடு போட்ட பருத்தித் துணிக்கு அங்கே 'சாந்தோமே கோடு' என்று பெயர். எந்தச் சாந்தோம்? நம்ம மயிலாப்பூர்ச் சாந்தோமேதான். போர்த்துக்கீசியர் வைத்த பெயர், சோழமண்டலக் கரையின் துணிக்கே ஆகிவிட்டது. மெல்லிய நூலில் நெய்த நெருக்கக் கோடுகள், வழவழவென்றிருக்கும். எதோ நகரத்து நாகரிகக்காரர்களுக்கு அது மிகப் பிடித்துப்போனது. பின்னாளில் துறைமுகங்கள் திறந்ததும் கவாகோயே ஊர்க்காரர்கள் மெஷினில் நூற்ற வெளிநாட்டு நூலை வாங்கி அதேபோல உள்ளூரில் நெய்தார்கள். இன்றும் அது கவாகோயே தோசான் என்று விற்கிறது.

#11 · மட்டுறுத்துநர்

பழைய_ஏடு, நல்ல தகவல். சாந்தோம் துணிக்குத் தனி இழை தொடங்கினால் இந்த இழை அறுந்து போகாமல் இருக்கும்.

#12 · சைதாமா_அம்மா

கவாகோயே எங்கள் மாநிலம்தான்! போய்ப் பார்க்கிறேன்.

நான் துண்டுக்கே வருகிறேன். மூன்று வருடமாக இந்த மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன், அதனால் பயன்படுத்துகிறவள் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கம்பளி மஃப்ளர் ஆகாது. கழுத்தெல்லாம் தடித்துவிடும். அதனால் குளிர்காலத்திலும் பருத்திதான். இரண்டு சுற்றுச் சுற்றி முனையைக் கோட்டுக்குள் விட்டால் நவம்பர் வரை தாங்கும். ஜனவரிக்குப் போதாது, பொய் சொல்ல மாட்டேன். கோடையில்தான் இதன் அருமை. இங்கே ஆகஸ்ட் மாதம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வெளியே புழுக்கம், ரயிலுக்குள் ஏறினால் ஐஸ்பெட்டி. பட்டு, பாலியெஸ்டர் எல்லாம் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். இது உறிஞ்சிக்கொண்டு ஒட்டாமல் நிற்கிறது. அந்தப் பொடிப்பூ தோலுக்கும் துணிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுகிறதோ என்னவோ. குழந்தை ரயிலில் தூங்கினால் மேலே போர்த்துவேன். ஒருமுறை ஐஸ்கிரீம் கொட்டியபோது அதையே எடுத்துத் துடைத்தேன். வீட்டுக்கு வந்து துவைத்து, மறுநாள் அதே துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பட்டு ஸ்கார்ஃபில் இதைச் செய்யுங்கள் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் கழுத்தில் போடும் டவலுக்கும் மஃப்ளர் டவல் என்றுதான் பெயர். அது வேறு, இது வேறு. அது ஒரு சாண் அகலம், மேலே அணியின் பெயர். இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வரும். என் வீட்டுக்காரர் எனக்குப் பிறந்தநாள் பரிசு என்று நினைத்து ஆரஞ்சு நிறத்தில் அப்படி ஒன்றை வரவழைத்துவிட்டார்.

#13 · சும்மா_எட்டிப்பார்த்தவன்

ஆரஞ்சுப் பரிசுக்குச் சிரித்துவிட்டேன்.

சரி, உண்மையாகவே ஒரு கேள்வி. தெனுகுய் ஆயிரம் யென் சொச்சத்தில் கிடைக்கிறதே. அதுவும் மெல்லிய பருத்திதான், அதையும் கழுத்தில் கட்டுகிறார்கள். இதைவிட அழகாக வேறு இருக்கிறது. அது போதாதா?

#14 · ஓசாகா_வாசுகி

போதும் என்றால் போதும்தான். நானே தெனுகுய்தான் அதிகம் கட்டுவேன்.

தெனுகுய் வெறும் நெசவுத் துணி, பூ கிடையாது. சுமார் 35க்கு 90 சென்டிமீட்டர். இரண்டு முனையும் மடித்துத் தைக்காமல் அப்படியே வெட்டிவிட்டிருப்பார்கள். அது குறை இல்லை, தண்ணீர் மடிப்பில் தங்காமல் சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காக. அவசரத்துக்குக் கையாலேயே கிழித்துக் கட்டுத்துணி ஆக்கிக்கொள்ளலாம். முதல் சில துவைப்பில் முனை பிரிந்து நூல் தொங்கும், வெட்டிவிட்டால் அப்புறம் நின்றுவிடும்.

அழகு சாயத்தில் இருக்கிறது. ச்சூசென் என்று ஒரு முறை, எங்கள் பக்கம் சகாய் நகரத்தில் இன்றும் செய்கிறார்கள். ஒரு பட்டறையில் நேரில் பார்த்தேன். நீளத் துணியை அச்சுத்தாளின் கீழ் வைத்து, சாயம் ஏறக்கூடாத இடத்தில் பசைச்சேறு தடவுகிறார்கள். அப்படியே துணியை விசிறிபோல மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் பசை. அடுக்கு கைத்தடிமனுக்கு வந்ததும், நீண்ட மூக்கு வைத்த கெட்டிலில் சாயத்தை எடுத்து மேலே ஊற்றுகிறார்கள், நம்ம ஊரில் டீ ஆற்றுகிறவர் கை மாதிரி. கீழே மேசைக்கு அடியில் காற்று உறிஞ்சும் கருவி. காலால் ஒரு அழுத்து, சாயம் அத்தனை மடிப்பையும் துளைத்துக்கொண்டு சர்ரென்று கீழே இறங்குகிறது. அதனால் முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே நிறம். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் லேசாகக் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கலுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

ஆனால் நனைத்துக் கழுத்தில் போட்டால் தெனுகுய் ஒட்டும். 90 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சுதான் போட முடியும், சுற்ற வராது. செந்தில் வாங்கியது சுற்றுவதற்கு.

#15 · தறிச்சத்தம்

வளையத்துக்கு வருகிறேன். பூக்கோட்டில் வந்தது என்றால் பயமில்லை. துணியை மேசைமேல் விரித்து, தொங்கும் நூலைப் பக்கத்துப் பூவின் உயரத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். அது தளர்ந்த பாவு, அடித்துணியைப் பிடித்திருப்பது வேறு நூல். வெட்டினால் துணி பிரியாது. இழுத்தால்தான் ஆபத்து. ஒரு வளையத்தை இழுத்தால் வரிசையில் அடுத்த வளையம் சுருங்கும், அதற்கடுத்ததும். இரண்டு நொடியில் ஒரு வரி மொட்டையாகிவிடும்.

வெறும் துணிக்கோட்டில் நூல் எழும்பியிருந்தால் வெட்டக் கூடாது. ஊசி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் தள்ளி உள்ளே விட வேண்டும்.

சலவைக்கு வலைப்பை. மென்மைக்கு என்று ஊற்றும் திரவம் வேண்டவே வேண்டாம், அது இழைமேல் படிந்து தண்ணீரை விலக்கும். காயப்போடும் முன் இரண்டு முனையையும் பிடித்து நாலைந்து உதறு. படுத்த பூ எழுந்து நிற்கும்.

வாசுகி அம்மா சொல்லாமல் விட்டது ஒன்று. சென்ஷூவில் நெய்த பிறகு வெளுப்பார்கள், இமாபாரியில் நூலை வெளுத்துச் சாயம் ஏற்றிவிட்டு நெய்வார்கள். நெய்த பிறகு வெளுத்தால் கஞ்சி, எண்ணெய் எல்லாம் அப்போதே போய்விடும், முதல் நாளே நன்றாகத் துடைக்கும். நூலிலேயே சாயம் ஏற்றினால் கோடு, கட்டம், ஜக்கார்டு உருவ வேலை எல்லாம் தறியிலேயே வரும். மஃப்ளர் இமாபாரியில் அதிகம் நெய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். உடுத்துகிற பொருளுக்கு நிறம் வேண்டுமே. இமாபாரியின் தண்ணீர் மென்மையான தண்ணீர், மலையிலிருந்து வரும் சோஷா ஆற்று நீர். நூலைக் கடினப்படுத்தாது. கரூரில் நாங்கள் கடினத் தண்ணீரோடு பட்ட பாட்டை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

இன்னொரு வித்தையும் அங்கே உண்டு. நூலுக்குப் பலம் முறுக்கில். முறுக்கு கூடினால் துணி சொரசொரப்பு, குறைந்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், ஆனால் தறியில் தாங்காது. இதற்கு அவர்கள் தண்ணீரில் கரையும் நூல் ஒன்றைப் பருத்தி நூலோடு எதிர்த்திசையில் முறுக்குகிறார்கள். பருத்தியின் முறுக்கு அவிழ்ந்துவிடும், கரையும் நூல் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். தறியில் இரண்டும் சேர்ந்து ஓடும். நெய்து முடித்துச் சுடுதண்ணீரில் போட்டால் துணைக்கு வந்த நூல் கரைந்து காணாமல் போகும். மிஞ்சுவது முறுக்கில்லாத பருத்தி மட்டும். இந்தக் கரையும் நூல் வினைலான் என்ற செயற்கை இழை வகை. வினைலானே ஜப்பானில் பிறந்ததுதான், 1939-ல் கியோட்டோவில் சகுராதா இச்சிரோ குழு கண்டுபிடித்தது. அந்த மாதிரி துண்டு தொட்டால் விட மனசு வராது. ஆனால் பிசிறு கொட்டும், கறுப்புச் சட்டைக்காரர்கள் தூர நில்லுங்கள். உங்களுடையது அந்த வகை இல்லை என்று நினைக்கிறேன், முறுக்கிய மெல்லிய நூல்தான். எதற்கும் பத்துத் துவைப்புக்குப் பிறகு எடை பார்த்துச் சொல்லுங்கள். பிசிறு கொட்டினால் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

#16 · பழைய_ஏடு

எடை என்றதும் ஞாபகம் வந்தது. இங்கே வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குக் கொடுக்கும் மெல்லிய டவலை 'இருநூறு மொன்மே' என்பார்கள். மொன்மே பழைய எடை, 3.75 கிராம். ஒரு டவல் இல்லை, ஒரு டஜன் டவல் சேர்ந்து இருநூறு மொன்மே. கணக்குப் போட்டால் ஒன்று 62.5 கிராம்.

#17 · தறிச்சத்தம்

அடடா, செந்திலின் மஃப்ளர் 61 கிராம். கிட்டத்தட்ட அதே எடை. குளியல் டவல் அளவு 34க்கு 85 என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 216 கிராம். மஃப்ளர் 32க்கு 160, சதுர மீட்டருக்கு 119 கிராம். ஏறக்குறைய அதே பஞ்சை இரண்டு பங்கு நீளத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

#18 · சும்மா_எட்டிப்பார்த்தவன்

அந்தக் குளியல் டவல் எனக்கு விடுதியில் சும்மாவே கிடைத்தது. இப்போது கழுத்தில் போட்டுப் பார்த்தேன். விடுதியின் பெயரும் போன் நம்பரும் நீல எழுத்தில் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. இப்படியே கடைக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

#19 · நகோயா_செந்தில்

மூழ்கும் சோதனை செய்துவிட்டேன். மஃப்ளரை இல்லை. தரை துடைக்க ஒதுக்கிய பழைய இமாபாரி முகத்துண்டு ஒன்று, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது. அப்புறம் எங்கேயோ விளம்பரத்துக்குக் கிடைத்த புதுத் துண்டு, உறை பிரிக்காதது. இரண்டிலும் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, பாயசக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டோம். மகள் கைப்பேசியில் நொடி பார்த்தாள்.

பழையது மூன்று நொடியில் உள்ளே போய்விட்டது. விளம்பரத் துண்டு தாமரை இலை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம் பார்த்தோம், மகளுக்கு அலுத்துவிட்டது. இரவு சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால் அப்போதும் ஒரு மூலை மேலே நின்றது. துவைத்த துண்டையும் துவைக்காததையும் ஒப்பிட்டது நியாயமில்லை என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். துவைத்துவிட்டு மறுபடி செய்கிறேன்.

#20 · சைதாமா_அம்மா

அந்தப் பாயசக் கிண்ணம்?

#21 · நகோயா_செந்தில்

கழுவி வைத்துவிட்டேன் அக்கா. வீட்டில் சொல்லவில்லை.

#22 · நகோயா_செந்தில்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். தறிச்சத்தம் ஐயா கேட்ட கணக்கு.

பதினொரு துவைப்பு முடிந்தது, எல்லாம் வலைப்பையில், திரவம் இல்லாமல். எடை 60 கிராம். தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. நீளம் 160-லிருந்து 153 ஆகியிருக்கிறது, அகலம் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. பூ முன்பைவிட எழும்பித் தெரிகிறது. வளையம் வெட்டிய இடத்தைத் தேடிப் பார்த்தேன், எந்தக் கோடு என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. விளம்பரத் துண்டு இரண்டு தடவை துவைத்த பிறகு பதினேழு நொடியில் மூழ்கியது.

மஃப்ளரை இப்போது அளந்து தருவதற்காகக் கேட்டு வாங்கினேன். மனைவி சாயங்காலம் கடைக்குப் போகும்போது வேண்டுமாம், ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

#23 · தறிச்சத்தம்

நீளத்தில் ஏழு சென்டிமீட்டர் என்றால் நூற்றுக்கு நாலு சொச்சம், பருத்திக்கு அது சரிதான். அகலத்தை நடுவிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள் தம்பி, பூக்கோடும் வெறும் கோடும் ஒரே மாதிரி சுருங்கியிருக்காது.